ஏ4 எஞ்சின் மாடலுக்கு எந்த நிறம், எந்த ஷெட்?

பெயின்ட் டப்பாவைத் திறப்பதற்கு முன் ஒரு துண்டுச்சீட்டில் மூன்று விஷயங்களை எழுதிக்கொள்ளுங்கள்: எஞ்சின் எண், ஆண்டு, ஷெட் (எஞ்சினை நிறுத்திப் பராமரித்த இடம்). இவை ஒன்றோடொன்று ஒத்துப்போகாவிட்டால், எவ்வளவு நேர்த்தியாகப் பூசினாலும் அது தப்பு மாடல்தான்.

பிரிட்டனின் எல்என்இஆர் ரயில் நிறுவனத்துக்குக் கிரெஸ்லி வடிவமைத்த ஏ4 வகையில் 35 நீராவி எஞ்சின்கள், 1935 முதல் 1938 வரை இங்கிலாந்தின் டான்காஸ்டரில் கட்டப்பட்டவை. இங்கே உதாரணத்துக்கு 4490 'எம்பயர் ஆஃப் இந்தியா'. பெயருக்காகவே நம்மூர் ஆட்கள் முதலில் கை வைப்பது இதில்தான்.

நிறத்தை விட்டுவிட்டு முதலில் உடலைப் பாருங்கள். சக்கரங்களை மறைத்துக் கீழே இறங்கும் பக்கத் தகடு இருக்கிறதா? இருந்தால் போருக்கு முந்தைய எஞ்சின். பராமரிப்புக்கு இடைஞ்சல் என்று போர்க்காலத்தில் அந்தத் தகடுகளைக் கழற்றிவிட்டார்கள். அடுத்தது புகைபோக்கி. இரட்டைப் புகைபோக்கியோடு பிறந்தவை 1938-ல் வந்த நான்கு மட்டுமே: மல்லார்ட், கேப்பர்கெய்லி, சீகல், பெரெக்ரின். மற்றவற்றுக்கு 1957-58-ல்தான் மாற்றினார்கள்.

இனி நிறம். முதல் நான்கு எஞ்சின்கள் 1935-ல் வெள்ளி சாம்பல் நிறத்தில் ஓடின. அடுத்து வந்த சில ஆப்பிள் பச்சை. 1937-ல் லண்டன்–எடின்பரோ 'காரனேஷன்' ரயிலுக்கென வந்த ஐந்தும் (4488 முதல் 4492 வரை) கார்ட்டர் நீலம், அடர் சிவப்புச் சக்கரம், துருப்பிடிக்காத எஃகில் எழுத்தும் எண்ணும். ஆகவே 4490-க்கு வெள்ளை டிரான்ஸ்பர் (நீரில் ஊறவைத்து ஒட்டும் ஸ்டிக்கர்) எண் ஒட்டாதீர்கள். உலோகப் பளபளப்புள்ளது வேண்டும். போர் தீவிரமானதும் எல்லாம் கறுப்பு, டெண்டரில் (எஞ்சினுக்குப் பின்னால் நிலக்கரியும் தண்ணீரும் சுமக்கும் வண்டி) நிறுவனப் பெயரின் சுருக்கமாக 'என் இ' மட்டும். (நம் மோரப்பூர்–தருமபுரி–ஓசூர் குறுகிய பாதையை மூடியதும் அதே போர்க்காலத்தில், 1941-ல்தான்.) 1946-ல் எண்கள் 1 முதல் 34 வரை மாறின. 35 இல்லை, ஏனென்றால் 4469 எண் எஞ்சின் 1942 ஏப்ரலில் யார்க் நகரக் குண்டுவீச்சில் நொறுங்கிவிட்டது. 4490 அப்போது 11 ஆனது; பிரிட்டிஷ் ரயில்வே 60000-ஐக் கூட்டியதும் 60011. போருக்குப் பிந்தைய கார்ட்டர் நீலத்தில் பக்கத் தகடு கிடையாது. 1949 முதல் கறுப்பு-வெள்ளைக் கோடுகளுடன் வேறொரு நீலம், 1951 முதல் ஆரஞ்சு-கறுப்புக் கோடிட்ட அடர் பச்சை.

பெரும்பாலோர் வழுக்கி விழும் இடம், காப்பாற்றி வைத்த எஞ்சின்களின் இன்றைய படங்களை நம்புவது. 60007-ஐ இரட்டைப் புகைபோக்கியுடன் 1949-இன் நீலத்தில் பார்த்திருப்பீர்கள். உண்மையான பணிக்காலத்தில் அந்த இரண்டும் அதில் சந்திக்கவே இல்லை.

ஷெட் தகடு முகப்பில் சிறு முட்டை வடிவில் இருக்கும். கிங்ஸ் கிராஸ் 34ஏ, கேட்ஸ்ஹெட் 52ஏ, எடின்பரோ ஹேமார்க்கெட் 64பி, அபர்டீன் ஃபெரிஹில் 61பி. கிங்ஸ் கிராஸ் எஞ்சின்கள் லண்டனிலிருந்து வடக்கே ஓடின. லண்டன்–எடின்பரோ நில்லா ரயில்களைக் கிங்ஸ் கிராஸும் ஹேமார்க்கெட்டும் பங்கிட்டுக்கொண்டன. கிங்ஸ் கிராஸ் ஷெட் 1963 ஜூனில் மூடப்பட்டது. கடைசிக் காலத்தில் மிஞ்சியவை கிளாஸ்கோ–அபர்டீன் மூன்று மணி நேர ரயில்களை இழுத்தன. 1966 செப்டம்பரோடு அதுவும் முடிந்தது. 60011-ஐ 1959 நிலையில் செய்கிறீர்களா? பச்சை, இரட்டைப் புகைபோக்கி, டெண்டரில் பிரிட்டிஷ் ரயில்வேயின் பிந்தைய சிங்க முத்திரை, 64பி. 1955 என்றால் ஒற்றைப் புகைபோக்கி, முந்தைய முத்திரை.

பூசும் வேலைக்கு நேரம்தான் முக்கியம். ஏப்ரல், மே மாத மத்தியானத்தில் தருமபுரி வெயிலில் பெயின்ட் தெளிக்கும்போதே காற்றில் உலர்ந்து, மணல் தூவியதுபோல் உட்காரும். காலை 6 முதல் 9 வரை வேலையை முடியுங்கள். ஓசூரில் இன்னும் கொஞ்ச நேரம் கிடைக்கும். ஆடிக் காற்றில் வெளியே தெளிக்கவே வேண்டாம்; கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பட்டறை அருகே வீடு என்றால் எந்த மாதமும் ஜன்னலை மூடி, தரையில் தண்ணீர் தெளித்துவிட்டு ஆரம்பியுங்கள். எனாமல் ஒரு பங்குக்கு தின்னர் ஒரு பங்கு, ஏர்பிரஷில் 15 பிஎஸ்ஐ அழுத்தம், 10 செ.மீ. தூரம். 28 செ.மீ. நீள ஓஓ அளவு (1:76) மாடலுக்கு, டெண்டரோடு சேர்த்து, ஒரு பூச்சுக்குக் கலந்த பெயின்ட் 15 மி.லி. தாராளம். மெல்லிய மூன்று பூச்சு, ஒரு தடித்த பூச்சை விட மேல்.

கார் பெயின்ட் கடையில் நிறம் கலந்து வாங்கலாம், ஆனால் என்.சி. தின்னர் பிளாஸ்டிக்கை இளக்கிவிடும். முதலில் டெண்டரின் அடிப்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள்.

முகப்பின் கறுப்புக்கும் நீலத்துக்கும் இடையிலான வளைவு இந்த எஞ்சினின் உயிர். நீலத்தை முதலில் பூசி, இரண்டு நாள் காயவிடுங்கள். அகல மாஸ்கிங் டேப் வளையாது; பிளேடால் 1-2 மி.மீ. பட்டைகளாக அறுத்து ஒட்டி, மீதியை அகல டேப்பால் மூடுங்கள். கறுப்புப் பூசிய அரை மணி நேரத்துக்குள் டேப்பைப் பின்புறமாக மடித்து உரியுங்கள். முழுக்கக் காயவிட்டால் ஓரம் பிய்ந்து வரும்.

கோடுகளையும் எண்களையும் ஒட்டும் முன் பளபளப்பான (கிளாஸ்) வார்னிஷ் ஒரு பூச்சு கட்டாயம். பளபளப்பில்லாத மேட் பரப்பில் டிரான்ஸ்பருக்கு அடியில் காற்று நின்று வெள்ளியாகத் தெரியும். டிரான்ஸ்பரை ஊறவைக்க ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை எடுக்காதீர்கள். இந்த மாவட்டங்களின் உப்புத் தண்ணீர் காய்ந்தால் பச்சை மேல் வெள்ளைக் கறை நிற்கும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் போதும்.