மாமி வீட்டு வானில் ஏறுவதற்கு முன்

கட்டுநாயக்காவில் இறங்கி மட்டக்களப்புக்கு ரோட்டால் போகிறவர்கள் வெளிச்சம் இருக்கும்போதே புனானையைத் தாண்டப் பாருங்கள். மன்னம்பிட்டி, வெலிக்கந்தை வழியே அங்கே போகும் ஏ11 வீதியில் இருட்டினால் யானை ஏறும். மாமி வீட்டிலிருந்து எடுத்த எங்கள் வான் சூடேறி நின்றதும் அந்த வீதியில்தான், மைமல் நேரத்தில்.

எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் ஏறினால் அடுத்த கடைவரை இழுக்கலாம் என்று நினைக்காமல் இடது ஓரத்துக்கு எடுங்கள். வளைவிலும் பாலத்திலும் நிறுத்தாதீர்கள். நான்கு சிக்னலையும் போட்டு, முக்கோணத்தை நன்றாகப் பின்னால் தள்ளி வையுங்கள். எங்கள் வானில் முக்கோணம் இல்லை. வான் ஓட்ட வந்த பொடியன் குழை முறித்து ரோட்டில் போட்டான். லொறிக்காரருக்கு அது விளங்கும். ஆனால் வெளிக்கிடும்போது பொறுக்கி எறிந்துவிடுங்கள், மோட்டார் சைக்கிளில் வருகிறவன் சறுக்கி விழுவான். இடப்பக்கக் கதவால் இறங்கி ரோட்டை விட்டு விலகி நில்லுங்கள். அதற்காகப் பற்றைக்குள் போக வேண்டாம், ஒன்றுக்கிருக்கக்கூட. ரேடியேட்டர் மூடியைச் சூட்டோடு திறக்காதீர்கள். பொலிசுக்கு 119, அம்புலன்சுக்கு 1990.

பொலிஸ் வந்தால் கேட்பது ஓடுகிறவரின் லைசன்ஸ், வாகன வருமானப் பத்திரம் (வண்டிக்கு வருடாவருடம் எடுக்கும் அனுமதி), இன்சூரன்ஸ். வெளிநாட்டு லைசன்சை மட்டும் நம்பி நீங்கள் ஓட முடியாது, அங்கே தற்காலிக அனுமதி எடுக்க வேண்டும். தண்டம் எழுதினால் துண்டை வாங்கி 14 நாளுக்குள் தபால் கந்தோரில் கட்டுங்கள். கையில் காசு திணிக்கிற வேலை வேண்டாம்.

இவ்வளவும் ஒரு இரவோடு முடிந்தது. முடியாதது மாமியின் கணக்கு.

"ஹயர் வானுக்கு ஏன் மருமகன் காசு, வீட்டில சும்மாதானே நிக்குது" என்று அவர்களாகவே தந்த வான் அது. வாழைச்சேனையிலிருந்து வந்த மெக்கானிக் வெடித்த தண்ணீர்க் குழாயைக் கழற்றிக் கையில் தந்தார். ரப்பர் பிஸ்கட் மாதிரி உடைந்தது, உள்ளே துருச்சேறு. வெறும் குழாய்தான். நாங்கள் களுவாஞ்சிக்குடி போய்ச் சேர்வதற்குள் அது "எஞ்சின் போயிற்று" ஆகிவிட்டது. காலைத் தேத்தண்ணியோடு கராஜ் கணக்கும் வந்தது: எஞ்சின் வேலை, நான்கு டயர், சீற் உறை. டயருக்கும் சூட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று மாமியிடம் கேட்டேன்.

"மறுகா நீ போயிருவாய். நாங்கதானே இதுல ஓடித் திரியணும்."

வாயடைத்துப் போனேன். அம்மா கிடையில் விழுந்த காலத்தில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி இறக்கியது அந்த வான்தான். நான் அப்போது வைபரில் பார்த்துக்கொண்டிருந்தேன். சரி, சீற் உறையைத் தவிர மற்றதெல்லாம் கட்டினேன். உறைக்குத்தான் இன்னும் கோபம்.

ஆகவே, சொந்தக்காரரின் வண்டியை எடுப்பதானால் வருமானப் பத்திரத்தின் திகதி, ஸ்பெயார் வீல், வண்டியைத் தூக்கும் ஜக் எல்லாவற்றையும் முற்றத்திலேயே பாருங்கள். பழுது யார் செலவு என்று நாலு பேர் முன்னால் கேளுங்கள், முகம் சுளித்தாலும் பரவாயில்லை. வாடகை என்று காசு கொடுத்தும் எடுக்காதீர்கள்: சொந்தப் பாவனைக்கு எடுத்த இன்சூரன்ஸ், ஹயர் ஓடியது தெரிந்தால் கைவிரிக்கலாம். ஒழுங்கான ஹயர் வான் என்றால் பழுதும் மாற்று வண்டியும் அவர்கள் பாடு, அதையும் முதலிலேயே எழுதி வாங்குங்கள்.

அடுத்த முறை ஹயர்தான் என்று மச்சானிடம் சொல்லிவிட்டேன். தன் கூட்டாளியிடம் நல்ல வான் ஒன்று இருக்கிறதாம்.