ஒரு கெமிக்கல் ஆபத்தானதா இல்லையான்னு எப்படி முடிவு பண்றது

கெமிக்கல்னாலே விஷம், இயற்கையா வந்ததுன்னா பாதுகாப்பு, இந்த ரெண்டு நினைப்பையும் முதல்ல ஓரமா வச்சிடுங்க. நமக்கு தெரிஞ்சதுலயே ரொம்ப கொடிய விஷங்கள்ல ஒண்ணு பாட்டுலினம் டாக்சின், அதை எந்த ஃபேக்டரியும் கண்டுபிடிக்கல, மண்ணுல இருக்கிற ஒரு பாக்டீரியா தானா உண்டாக்குது. இன்னொரு பக்கம் தண்ணியையே சில மணி நேரத்துல லிட்டர் லிட்டரா குடிச்சா ரத்தத்துல சோடியம் இறங்கி மூளை வீங்கி ஆள் செத்துப்போன கேஸ் இருக்கு. அதனால "இது விஷமா?"ன்னு கேக்காதீங்க. எவ்வளவு, எந்த வழியா, எவ்வளவு நாளா, யாருக்கு, இதை கேளுங்க. நஞ்சியல் முழுக்க இந்த நாலு கேள்வி மேலதான் நிக்குது.

முதல்ல அளவு. அளவுக்கு மிஞ்சினா அமிர்தமும் நஞ்சுன்னு நாம சும்மா சொல்லிட்டு போற விஷயத்தைத்தான் பாராசெல்சஸ்ங்கிற மருத்துவர் 1538-ல எழுதினாரு, எல்லாமே விஷம்தான், அளவுதான் அதை விஷமாக்குதுன்னு. இதை நீங்களே கணக்கு போட்டு பாக்கலாம். அளவை எப்பவும் உடம்பு எடையால வகுக்கணும். 60 கிலோ ஆள் ஒரு பொருளை 300 மில்லிகிராம் முழுங்கினா கிலோவுக்கு 5 மில்லிகிராம், அதையே 12 கிலோ குழந்தை முழுங்கினா கிலோவுக்கு 25. அஞ்சு மடங்கு. பெரியவங்களுக்கு ஒண்ணும் ஆகாத மாத்திரை குழந்தையை ஐசியூ வரைக்கும் கொண்டு போறதுக்கு பாதி காரணம் இந்த வகுத்தல்தான்.

எல்டி50னு ஒரு நம்பர் நிறைய இடத்துல பாத்திருப்பீங்க. சோதனை விலங்குகள்ல பாதி சாகிற அளவு அது, 1927-ல ட்ரெவன்ங்கிறவர் கொண்டு வந்தது. நம்பர் சின்னதா இருந்தா விஷம் அதிகம். எலிக்கு வாய் வழியா குடுத்தா சாப்பாட்டு உப்புக்கு கிலோவுக்கு சுமார் 3000 மில்லிகிராம், காஃபினுக்கு சுமார் 200. அப்போ காஃபின் உப்பை விட 15 மடங்கு வீரியம். ஆனா ஒரு கப் காபியில 100 மில்லிகிராம் கிட்டதான் இருக்குங்கிறதால நாம தைரியமா குடிக்கிறோம், அதே காஃபினை சுத்தமான பவுடரா வாங்கி ஸ்பூன்ல அள்ளினா ஒரே ஸ்பூன்ல இருபது முப்பது கப் போயிடும், அப்படி செத்தவங்களும் உண்டு.

ஆனா இந்த நம்பரை மட்டும் நம்பி உக்காந்துடாதீங்க, இது எலியோட கணக்கு, அதுவும் ஒரே தடவை குடுத்து உடனே சாகுதான்னு பாத்த கணக்கு. கேன்சர் வருமா, வயித்துல இருக்கிற கருவுக்கு என்ன ஆகும், நரம்பு பாதிக்குமா, எதுவுமே அதுல தெரியாது.

அடுத்தது வழி. என்னைக் கேட்டா ஜனங்க ரொம்ப அலட்சியமா விடுறது இதைத்தான். பாதரசத்தையே எடுத்துக்கோங்க. தெர்மாமீட்டர் உடைஞ்சு குழந்தை அந்த வெள்ளி உருண்டையை முழுங்கிடுச்சுன்னா எல்லாரும் அலறுவாங்க, ஆனா குடல் அதை கிட்டத்தட்ட உறிஞ்சறதே இல்ல, பெரும்பாலும் அப்படியே வெளிய போயிடும். தரையில சிதறி ஆவியாகிறதுதான் ஆபத்து, மூச்சுல போற பாதரச ஆவியில 80 சதவீதம் போல நுரையீரல் வழியா ரத்தத்துக்கு போயிடும். அதனாலதான் அதை வேக்யூம் கிளீனர் போட்டு எடுக்கவே கூடாதுன்னு சொல்றாங்க, அது ரூம் முழுக்க ஆவியை பரப்பிடும்.

அதே பாதரசம் டைமெத்தில்மெர்குரிங்கிற வடிவத்துல வந்தா கதையே வேற. 1996 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல டார்ட்மவுத் கல்லூரி பேராசிரியர் கேரன் வெட்டர்ஹான், நச்சு உலோகங்கள்லயே ஆராய்ச்சி பண்ணவங்க, லேட்டக்ஸ் கையுறை போட்டுத்தான் வேலை பாத்தாங்க, ரெண்டு மூணு சொட்டு கையுறை மேல விழுந்துது, அவ்வளவுதான். கையுறையை தாண்டி தோல் வழியா உள்ள போயிடுச்சு. மாசக்கணக்குல ஒண்ணுமே தெரியல, அப்புறம் நடை தள்ளாடி, பேச்சு குழறி, 1997 ஜூன்ல இறந்துட்டாங்க. பிறகு சோதிச்சப்போதான் அந்த மாதிரி கையுறையை இது சில நொடியில கடந்துடுதுன்னு தெரிஞ்சுது. இதை படிக்கும்போதெல்லாம் மனசு கனத்துடும் எனக்கு. தயவுசெஞ்சு கையுறை போட்டுட்டேன்னு நிம்மதியாகாதீங்க, எந்த கெமிக்கலுக்கு எந்த கையுறைன்னு பாத்து போடுங்க.

சரி, உள்ள போனதும் என்னதான் பண்ணுது? பாரசிட்டமால் நல்ல உதாரணம். சரியான அளவுல சாப்பிட்டா கல்லீரல் அதுல பெரும்பகுதியை செயலிழக்க வச்சு சிறுநீர்ல அனுப்பிடும், கொஞ்சம் மட்டும் ஒரு நச்சுப் பொருளா மாறும், அதை குளூட்டதயோன்னு ஒண்ணு பிடிச்சு அடக்கிடும். அளவு மீறினா அந்த குளூட்டதயோன் கையிருப்பு தீந்துபோகும், பிடிக்க ஆள் இல்லாம அந்த நச்சு கல்லீரல் செல்லையே தாக்க ஆரம்பிக்கும். இதுல கொடுமை என்னன்னா முதல் நாள் லேசா குமட்டல் இருக்கும், இல்ல அதுவும் இருக்காது, ஆள் நல்லாத்தான் இருக்கார்னு விட்டுடுவாங்க, மூணாவது நாலாவது நாள்தான் கல்லீரல் கைவிடும். அசிட்டைல்சிஸ்டீன்னு விஷமுறிவு மருந்து இருக்கு, முழுங்கின 8 மணி நேரத்துக்குள்ள குடுத்தா பெரும்பாலும் காப்பாத்திடலாம், அதனால அறிகுறி வரட்டும்னு காத்திருக்கவே கூடாது. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு 4 கிராம்தான் எல்லை, சளி மாத்திரைக்குள்ளயும் இதே பாரசிட்டமால் இருக்கும், அதையும் சேர்த்து எண்ணுங்க. பூனைக்கு மட்டும் குடுத்துடாதீங்க, இதை செயலிழக்க வைக்கிற முக்கியமான வழி அதோட கல்லீரல்ல ரொம்ப பலவீனம், ஒரே மாத்திரையில செத்துடலாம். யாருக்குங்கிற கேள்வி ஏன் முக்கியம்னு இதுல புரியும்.

மத்த விஷங்கள்லாம் வேற வேற பூட்டுக்கு வேற வேற சாவி மாதிரி. கார்பன் மோனாக்சைடு ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா, ரத்தத்துல ஆக்சிஜனை சுமக்கிற ஹீமோகுளோபினை பிடிச்சுக்கும், வாசனையும் கிடையாது. சயனைடு செல்லுக்கு ஆக்சிஜன் வந்தும் அதை பயன்படுத்த விடாது. ஆர்கனோபாஸ்பேட் பூச்சி மருந்து நரம்பு சிக்னலை நிறுத்துற என்சைமை முடக்கும், அதனாலதான் எச்சில் ஒழுகி கண்மணி ஊசிமுனை மாதிரி சுருங்குது. மெத்தனால் தானா பெருசா ஒண்ணும் பண்ணாது, உடம்பு அதை ஃபார்மிக் ஆசிட்டா மாத்தினதும் கண் நரம்பு போயிடும்.

காலம்னு ஒண்ணு இருக்கு. உடம்புல ஒரு பொருள் பாதியா குறைய ஆகிற நேரம் அரை ஆயுள், அஞ்சு அரை ஆயுள் கடந்தா 3 சதவீதம்தான் மிச்சம். காஃபினுக்கு அது சில மணி நேரம். ஈயத்துக்கு ரத்தத்துல ஒரு மாசம் போல, எலும்புல பல வருஷம், ஏன்னா கால்சியம்னு நினைச்சு எலும்பு அதை சேத்து வச்சுக்குது. வேகமா வெளியேறாத பொருள் தினம் துளி துளியா உள்ள வந்தாலும் ஆபத்துதான்.

கலக்கிறது பத்தி ஒண்ணு. ஒரு தடவை பாத்ரூம்ல பிளீச் ஊத்தி வச்சிருந்தேன், கறை போகலன்னு அது மேலயே ஆசிட் கிளீனரையும் ஊத்தினேன், ரெண்டு நொடியில தொண்டை இறுகி கண் எரிஞ்சு வெளிய ஓடி வந்தேன், அன்னிக்கு ராத்திரி முழுக்க இருமல். அது குளோரின் வாயு. பிளீச்சும் அம்மோனியாவும் சேந்தா குளோரமைன்ங்கிற இன்னொரு நச்சு வாயு. தனித்தனியா பாதுகாப்பா இருக்கிற ரெண்டு பாட்டில் சேந்தா அப்படியே இருக்கும்னு எண்ணிடாதீங்க.

எந்த கெமிக்கலா இருந்தாலும் வேலைக்கு எடுக்கும் முன்னாடி அதோட சேஃப்டி டேட்டா ஷீட்டை, அதாவது அதோட ஆபத்தும் பாதுகாப்பு முறையும் எழுதியிருக்கிற தகவல் தாளை, தேடி எடுங்க. மொத்தம் 16 பகுதி இருக்கும், எல்லாத்தையும் படிக்க நேரமில்லன்னா 4-வது பகுதி முதலுதவி, 8-வது கையுறை மாஸ்க், 11-வது நச்சுத் தகவல், இந்த மூணையாவது படிங்க. லேபிள்ல மண்டை ஓடு இருந்தா கொஞ்சமே கொஞ்சம் போனாலும் உடனடி ஆபத்து, நெஞ்சுல நட்சத்திரம் வெடிச்ச மாதிரி மனுஷ உருவம் இருந்தா கேன்சர், கரு, உள் உறுப்பு மாதிரி நீண்டகால பாதிப்பு. நிறைய பேர் மண்டை ஓட்டுக்கு மட்டும்தான் பயப்படுறாங்க, எனக்கு ரெண்டாவதுதான் அதிக பயம்.

தப்பித்தவறி மேல பட்டுட்டா துணியை கழட்டிட்டு ஓடுற தண்ணியில 15, 20 நிமிஷம் கழுவுங்க, கண்ணுன்னாலும் அதே. வாயு அடிச்சா முதல்ல வெளிக்காத்துக்கு வாங்க, மயங்கி கிடக்கிறவரை தூக்க நீங்களும் பாதுகாப்பு இல்லாம உள்ள போயிடாதீங்க. முழுங்கிட்டா வாந்தி எடுக்க வைக்காதீங்க, ஆசிட் தொண்டையை ரெண்டாவது தடவையும் சுடும், மண்ணெண்ணெய் நுரையீரலுக்கு போயிடும். உடனே ஆஸ்பத்திரி கிளம்புங்க, அந்த பாட்டிலையும் கையோட எடுத்துட்டு போங்க, எவ்வளவு உள்ள போச்சு, எத்தனை மணிக்கு போச்சுன்னு டாக்டர்கிட்ட முதல்லயே சொல்லுங்க.