டிபி பாக்ஸ் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்: நியூட்ரலை லேசாக எடுக்காதீர்கள்

போன மாதம் மதுரை கீழமாசி வீதியில் ஒரு கடையில் டிபி பாக்ஸ் (மீட்டரிலிருந்து வரும் கரண்ட்டை ஒவ்வொரு லைனுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) மாற்றும் வேலை. என்னோடு வந்த தம்பி ஐடிஐ முடித்து ஒரு வருடம் ஆகிறது. நல்ல வேலைக்காரன். நான் ஏணி எடுக்கப் போய்த் திரும்புவதற்குள், மெயினை அணைக்காமலே நியூட்ரல் லிங்க்கில், அதாவது கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் ஒயர்கள் எல்லாம் சேரும் பட்டையில், ஸ்க்ரூடிரைவரை வைத்துவிட்டான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"நியூட்ரல்தானே அண்ணே, ஷாக் அடிக்காதுல்ல?" என்றான்.

எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்த அண்ணனிடம் ஒரு காலத்தில் நானும் இதையேதான் சொன்னேன்.

ஈரக்கையால் தொடாதே, செருப்பில்லாமல் நிற்காதே என்பதையெல்லாம் இங்கே எழுதப் போவதில்லை. அது தெரியாதவர் டிபி பாக்ஸைத் திறக்கவே கூடாது. வீட்டுக்காரர்களும் இதைப் படித்துவிட்டுத் தாங்களே திறக்க வேண்டாம். வேலைக்கு வருகிறவர் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் நின்று கவனிக்க இது உதவும்.

மெயின் அணைந்தால் பெட்டியில் கரண்ட் இல்லை என்று நம்புவது

வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தால், நீங்கள் மெயினை இறக்கிய மறு நொடி அது கரண்ட் கொடுக்க ஆரம்பித்துவிடும். லைட், ஃபேன் லைன் அத்தனையிலும் 230 வோல்ட் இருக்கும். கடைகளில் ஜெனரேட்டர் சேஞ்ச்ஓவர், இப்போது மாடியில் சோலார் வேறு. உள்ளே கரண்ட் வர எத்தனை வழி இருக்கிறது என்று முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒவ்வொன்றையும் அணைத்த பிறகு மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அந்த மீட்டர் வேலை செய்கிறதா என்பதைக் கரண்ட் இருக்கிற இடத்தில் ஒருமுறை சோதித்துவிட்டு வாருங்கள். டெஸ்டர் எரியவில்லை என்பதை மட்டும் நம்பிக் கையை வைக்காதீர்கள்.

"நியூட்ரல்தானே"

இந்த வார்த்தையைக் கேட்டால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வரும். அதற்குக் காரணம் இருக்கிறது.

மூன்று ஃபேஸ் (கரண்ட் வரும் ஒயர்) இணைப்பில் ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் 230 வோல்ட். இரண்டு ஃபேஸுக்கு நடுவில் 400. வீட்டுச் சாமான் எல்லாம் 230-க்குச் செய்தவை. அந்த 230-ஐ அங்கேயே பிடித்து நிறுத்துவது நியூட்ரல். அது கழன்றால் இரண்டு ஃபேஸில் இருக்கும் சாமான்கள் ஒன்றோடொன்று சீரிஸில் சேர்ந்து 400 வோல்ட்டைப் பங்கு போட்டுக்கொள்ளும். சிவப்பு ஃபேஸில் 2000 வாட் கீசர், மஞ்சள் ஃபேஸில் 100 வாட் பல்பு மட்டும் ஓடுகிறது என்று வையுங்கள். கீசரின் தடை சுமார் 26 ஓம், பல்பின் தடை 529 ஓம். தடை அதிகமுள்ள பக்கம்தான் வோல்டேஜ் ஏறும். பல்புக்கு 380 வோல்ட் போகும், கீசருக்கு 20 வோல்ட்கூட வராது. அந்தப் பல்பு இருக்கும் இடத்தில் டிவியோ, பிரிட்ஜோ இருந்தால் அவ்வளவுதான். எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானே இறங்கும் சுவிட்ச்) இதில் காப்பாற்றாது. அது பார்ப்பது ஆம்பியரை, வோல்ட்டை அல்ல.

ஷாக் அடிக்காது என்பதும் பொய். கழன்ற நியூட்ரலில் சாமான் பக்கத்து முனைக்கு, அந்தச் சாமான் வழியாகவே ஃபேஸ் வந்து நிற்கும். பிளக் பாயின்ட்டின் இரண்டு ஓட்டையிலும் டெஸ்டர் எரிகிறது என்று வீட்டுக்காரர் சொன்னால் அதுதான் விஷயம்.

2010-இல் மாட்டுத்தாவணிப் பக்கம் ஒரு வீடு. லைட் மங்குகிறது என்று கூப்பிட்டார்கள். அந்த வீட்டு அம்மா தெளிவாகச் சொன்னார்: "மோட்டார் போட்டா அடுப்படி லைட் மங்குது, ஹால் லைட் பளிச்சுனு ஏறுதுப்பா." நோய் என்னவென்று அவரே சொல்லிவிட்டார். ஒரு பக்கம் இறங்கி இன்னொரு பக்கம் ஏறினால் நியூட்ரல் லூஸ். எனக்கு அது உறைக்கவில்லை. பழைய எம்சிபி மூன்றை மாற்றினேன். உள்ளே வரும் அலுமினிய நியூட்ரல் ஒயரின் முனை கருத்திருந்தது. பார்த்தேன். பார்த்துவிட்டு ஸ்க்ரூவை இன்னும் ஒரு சுற்று இறுக்கிவிட்டுக் காசை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம் போன் வந்தது. லிங்க்கில் அந்த முனை முழுதாக எரிந்து விட்டுப்போயிருந்தது. டிவி, பிரிட்ஜ், ஹாலில் இருந்த பல்புகள் எல்லாம் போய்விட்டன. அந்த அம்மா திட்டவில்லை. "நான்தான் அன்னைக்கே சொன்னேனேப்பா" என்று மட்டும் கேட்டார். டிவிக்கான பணத்தை நான் மூன்று தவணையில் கொடுத்தேன். அதுவரை வேறு எந்த வேலையிலும் அவ்வளவு இழந்ததில்லை.

கருத்த முனையை இறுக்கினால் ஏன் நிற்காது? அலுமினியத்தின் மேல் படியும் ஆக்சைடு கரண்ட்டைச் சரியாகக் கடத்தாது. அந்த இடத்தில் அரை ஓம் தடை இருந்து 20 ஆம்பியர் ஓடினால் 200 வாட் சூடு அந்த ஒரு ஸ்க்ரூவில் உட்காரும். எம்சிபிக்குத் தெரிவது 20 ஆம்பியர் மட்டும்தான், அதனால் அது இறங்காது. சூட்டில் அலுமினியம் விரிந்து ஸ்க்ரூவுக்கு அடியில் நசுங்கும், ஆறும்போது பிடி தளரும். தளர்ந்தால் இன்னும் சூடு.

சரி, என்ன செய்ய வேண்டும்? பளபளப்பான உலோகம் தெரியும்வரை ஒயரை வெட்டுங்கள். சரியான அளவு லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக முனை) போட்டு, அதற்கான கருவியால் அழுத்தி கிரிம்ப் செய்யுங்கள். அலுமினியமும் செம்பும் சேரும் இடத்தில் அதற்கென்று இருக்கும் பைமெட்டல் லக்தான் வேண்டும். ஒயர் நீளம் போதவில்லை என்றால் முறுக்கி டேப் சுற்றாதீர்கள், ஒயரை மாற்றுங்கள். லிங்க் நிறம் மாறியிருந்தால் அதையும் மாற்றுங்கள். ஒரு ஓட்டையில் இரண்டு ஒயரைத் திணிக்கக் கூடாது. ஃபேஸ் ஒயரைவிட மெல்லிய நியூட்ரல் போட்டுக் காசு மிச்சம் பிடிப்பதையும் விட்டுவிடுங்கள். எல்இடியும் கம்ப்யூட்டரும் நிறைய இருக்கும் கடையில் மூன்று ஃபேஸும் சமமாக இருந்தால்கூட நியூட்ரலில் நல்ல கரண்ட் ஓடும். க்ளாம்ப் மீட்டரை மாட்டிப் பார்த்தால் தெரியும்.

கழற்றும்போது மூன்று ஃபேஸும் முதலில், நியூட்ரல் கடைசியில். மாட்டும்போது நியூட்ரல் முதலில். பழைய மெயினில் மூன்று ஃப்யூஸ் கேரியர் இருந்தால் மூன்றையும் பிடுங்குங்கள். நியூட்ரலில் ஃப்யூஸோ தனி எம்சிபியோ ஒருபோதும் வேண்டாம்.

எர்த்தை நியூட்ரலாக்குவது

நியூட்ரலுக்குப் பதில் எர்த் ஒயரைப் போட்டுச் சமாளித்தால், பிரிட்ஜைத் தொடுகிற குழந்தைக்கு ஷாக் அடிக்கும். செய்யாதீர்கள்.

எம்சிபியைப் பெரிதாக்குவது

எம்சிபி காப்பது ஒயரை. 16 ஆம்பியர் எம்சிபி இறங்குகிறது என்று 32 போட்டால், அடுத்து இறங்க வேண்டிய நேரத்தில் சுவருக்குள் ஒயர் எரியும்.

ஆர்சிசிபி தொல்லை தருகிறது என்று கழற்றுவது

நிறையப் பேர் செய்கிறார்கள். 30 மில்லி ஆம்பியர் கசிந்தால் இறங்குகிற அந்தக் கருவிதான் உயிரைக் காப்பது. அது காரணமில்லாமல் இறங்குவதில்லை. நான் பார்த்தவரை பாதிக்கு மேல் இங்கேயும் நியூட்ரல் கலப்புதான். ஒரு வீட்டில் மாடிப்படி லைட் போட்டாலே மொத்த வீடும் அணையும். ஃபேஸைக் கீழ்த்தள ஆர்சிசிபியிலிருந்தும், நியூட்ரலை மாடி ஆர்சிசிபியிலிருந்தும் எடுத்திருந்தார்கள். போன கரண்ட் அதே வழியில் திரும்பாததால் இரண்டுமே அதைக் கசிவு என்று எடுத்துக்கொண்டன. கண்டுபிடிக்க எனக்கு அரைநாள் ஆனது. எல்லாவற்றையும் அணைத்து, நியூட்ரல்களை லிங்க்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்து, எந்த ஃபேஸுக்கு எது என்று எழுதி ஒட்டுங்கள். மெகர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் மீட்டர்) போடுவதற்கு முன் சாமான்களின் பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

மீட்டர் சீலைத் தொடுவது

அது ஈபி வேலை. கோளாறு மீட்டருக்கு முன்னால் என்றால் புகார் கொடுங்கள்.

மூடியைப் போட்டதும் வேலை முடிந்தது என்று கிளம்புவது

லோடு இல்லாமல் அளந்தால் லூஸ் நியூட்ரல்கூட நல்ல நியூட்ரல் மாதிரித்தான் காட்டும். கீழமாசி வீதியில் தம்பியை விட்டே முனையை வெட்டி லக் போடச் சொன்னேன். மூன்று ஃபேஸையும் நியூட்ரலோடு அளந்தான்: 231, 228, 233. அப்புறம் கடைக்காரரிடம் ஏசியைப் போடச் சொல்லி, திரும்ப அளக்கச் சொன்னேன். ஏசி இருந்த ஃபேஸ் மூன்று வோல்ட் இறங்கியது, மற்ற இரண்டும் ஏறவில்லை. அரை மணி நேரம் ஓடவிட்டு இன்னொரு முறை அளந்தான். அதன் பிறகுதான் மூடியைப் போட்டோம்.