மாயாஜாலப் படப் பாணியில் ஒரு சூப்பர் ஹீரோ கூட்டணிக் காமிக்ஸ்: நான்கே பக்கத்தில்

தனி நாயகன் கதையைவிடக் கூட்டணிக் கதை புதியவர்களுக்குச் சுலபம் என்பது என் கட்சி. மூன்று பேர் ஒரே கட்டத்தில் நின்றால் பேச்சு தானாக வந்துவிடும். ஆட்களுக்கும் பஞ்சமில்லை, 1950களின் ராஜா ராணிப் படங்கள் இருக்கின்றன. ஏ4 தாள், பென்சில், கறுப்பு மைப் பேனா போதும்.

1. ஆட்கள்

ஒருவருக்கு ஒரு சக்தி, கூடவே ஒரு ஓட்டை. உதாரணமாக, கூடுவிட்டுக் கூடு பாய்பவன் கிளிக்குள் போய்விட்டால், அவன் சொந்த உடம்பு கேட்பாரற்றுக் கிடக்கும். வாள்வீசும் இளவரசிக்கு மந்திரத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. பூதம் மலையையே பெயர்க்கும், ஆனால் சொன்னதை அட்சரம் பிசகாமல் செய்யும். ‘வாயை மூடு’ என்றால் ‘திற’ என்று சொல்லும்வரை திறக்காது. ஒருவர் ஓட்டையை இன்னொருவர் அடைக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள்.

நடிகர்களின் முகத்தையோ படத்தின் கதை, வசனத்தையோ மட்டும் அப்படியே எடுக்க வேண்டாம். இந்தியாவில் திரைப்படத்துக்குக் காப்புரிமை 60 ஆண்டு. 1957 படத்துக்கு 2017 முடிவோடு தீர்ந்தது. ஆனால் கதை, வசனம், பாட்டுக்கு எழுதியவர் இறந்த பிறகும் 60 ஆண்டு உண்டு. பாணியை எடுங்கள், ஆளை விடுங்கள்.

2. முதலில் மோதல்

சேர்வதற்கு முன் சண்டை போட்டாக வேண்டும், கூட்டணிக் கதைகளின் பழைய வழக்கம் அது. நம் கதையில் இளவரசி வழியில் ஓர் உடம்பைப் பார்க்கிறாள். அநாதைப் பிணம் என்று இரக்கப்பட்டுச் சிதை அடுக்குகிறாள். மேலே ஒரு கிளி தொண்டை கிழியக் கத்துகிறது. முதல் பக்கம் தயார்!

3. வசனம்

படம் வரையுமுன் வசனத்தை எழுதி, அது அடங்கும் பலூனுக்கு (பேச்சுக் குமிழுக்கு) இடம் ஒதுக்குங்கள். தமிழ்ச் சொற்கள் நீளம். ‘கொன்றுவிடுவேன்’ ஒன்றே ஒரு வரியை அடைத்துக்கொள்ளும். ‘கி’யின் மேல்விலங்கு, ‘கீ’யின் சுழி எல்லாம் இடிக்காமலிருக்க வரி இடைவெளியும் தாராளமாக வேண்டும். அடுக்குமொழி எழுதக் கை துறுதுறுக்கும், அதை வில்லனுக்கு மட்டும் கொடுங்கள்.

4. காமிராவை அசைக்காதீர்கள்

முக்கியமான படி இதுதான். ‘மாயா பஜார்’ (1957) படத்தில் ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தைக் காலி செய்யும் காட்சியை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். ஒளிப்பதிவு மார்கஸ் பார்ட்லி. அந்தக் காலத் தந்திரக் காட்சிகள் பலவற்றின் சூட்சுமம் எளியது: காமிராவை அதே இடத்தில் நிறுத்திவைத்து, பொருளை மாற்றி, மறுபடி ஓட்டுவார்கள்.

தாளிலும் அதையே செய்யலாம். பூதம் தோன்றும் இடத்துக்கு மூன்று கட்டங்கள் போடுங்கள். தூண், விளக்கு, படிக்கட்டு மூன்றிலும் ஒன்றேதான். ஜன்னல் கண்ணாடியில் வைத்துப் பிரதி எடுத்தால் போதும். முதல் கட்டத்தில் வெறும் ஜாடி, இரண்டாவதில் தூணை மறைக்கும் புகை, மூன்றாவதில் கூரை முட்டும் பூதம். கோணத்தை மாற்றினால் அளவு தெரியாது, மாயமும் போய்விடும்.

5. மை

கறுப்பு வெள்ளையே இருக்கட்டும். வில்லன் முகத்துக்குக் கீழிருந்து வெளிச்சம் கொடுத்து, புருவத்துக்கு மேல் நிழலைக் கருப்பாக நிரப்புங்கள். பின்னணிக் கோடுகள் மெல்லியதாக இருக்கட்டும்.

முடித்ததும் கதை தெரியாத ஒருவரிடம் கொடுங்கள். அவர் எந்தக் கட்டத்தில் பின்னால் போய் மறுபடி படிக்கிறாரோ, அங்கே பலூன் வரிசையைச் சரிபாருங்கள். முதலில் பேசுபவரின் பலூன் இடது மேல் மூலையில் இருக்க வேண்டும்.