கூத்து இரவுக்கு வாங்கிய லென்ஸ்: என் அனுபவம்

எங்கள் ஊர்த் திரௌபதி அம்மன் திருவிழாவில் விடிய விடிய நடக்கும் தெருக்கூத்தை முதன்முறை படமெடுத்தபோது, கேமராவோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸில் பதிந்த படங்களில் பெரும்பாலானவை கலங்கியே இருந்தன. 55 மி.மீ. வரை நீட்டினால் அந்த லென்ஸில் ஒளி நுழையும் துளை எஃப் 5.6-ஐத் தாண்டித் திறக்காது (எஃப் எண் குறையக் குறையத் துளை பெரிதாகும்) என்பதால், ஐ.எஸ்.ஓ. எனும் ஒளியுணர்திறனை 6400-இல் வைத்தும், ஒளி பதியும் நேரமான ஷட்டர் வேகம் 1/15 நொடியிலேயே நின்றது. அதிர்வுக் குறைப்பு வசதி என் கைநடுக்கத்தைத்தான் சமாளித்தது. சுழன்றாடுபவரின் காலை அது எப்படி நிறுத்தும்?

எஃப் 2.8 ஜூம் லென்ஸின் விலை என் கேமராவின் விலையையே விஞ்சியதால், ஒருவர் பயன்படுத்திய கேனான் 50 மி.மீ. எஃப் 1.8 எஸ்.டி.எம். லென்ஸை வாங்கினேன். (வாங்குமுன் டார்ச் அடித்து, உள்ளே பூஞ்சை படர்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டேன், ஈரக்காற்றடிக்கும் ஊர்களில் இது கட்டாயம்.) எஃப் 1.8-இல் முழுதாகத் திறந்தால் தெளிவாகப் பதியும் ஆழம் குறைந்து, கண் தெளிந்து கிரீடம் மங்கியது. ஆகவே எஃப் 2-இல் நிறுத்தினேன். பழைய லென்ஸைவிட எட்டு மடங்கு ஒளி கிடைத்ததால், அதே ஐ.எஸ்.ஓ.வில் ஷட்டர் 1/125 நொடிக்கு உயர்ந்தது.

ஒரே குறை, என் கேமராவின் ஏ.பி.எஸ்.-சி. எனும் சிறிய வகைச் சென்சாரில் இந்த லென்ஸ் 80 மி.மீ. லென்ஸ் அளவுக்கு நெருக்கிக் காட்டுவதால், கூத்தாடும் களரி முழுவதும் சட்டத்துக்குள் அடங்குவதில்லை. அதற்கு மட்டும், வேடக்காரர்கள் அசையாது நிற்கும் தருணம் பார்த்துப் பழைய லென்ஸையே மாட்டுகிறேன்.