எருசலேமுக்குக் குழுவாகப் போகிறீர்களா? ஒரு பாட்டைத் தயார் செய்துகொள்ளுங்கள்

புனித நாட்டுப் பயணத்துக்குக் குழுவாகப் போகிறவர்கள் உடை, மருந்து, பாஸ்போர்ட் எல்லாம் பார்த்துப் பார்த்து எடுத்து வைப்பார்கள். கூடவே எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த ஒரு ஞானப்பாட்டையும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

எருசலேம் பழைய நகரத்தில், சிங்க வாசலுக்குப் பக்கத்தில் புனித அன்னாள் ஆலயம் இருக்கிறது. 12-ஆம் நூற்றாண்டில் சிலுவைப்போர் வீரர்கள் காலத்தில் கட்டிய கல் ஆலயம். அதற்குள் பாடினால் குரல் அடங்க நேரமாகும். வாயை மூடிய பிறகும் கடைசிச் சுரம் மேலே நிற்கும். அதனால் மெதுவான பாட்டாக இருக்கட்டும். ஒவ்வொரு அடி முடிந்ததும் எதிரொலி அடங்கும்வரை காத்திருந்து அடுத்த அடியை எடுங்கள். வேகப் பாட்டும் கைத்தட்டலும் இங்கே எடுபடாது, எல்லாம் கலந்து இரைச்சலாகிவிடும். பின்னால் இன்னொரு குழு காத்திருக்கும், ஒரு பாட்டு போதும்.

அந்த வளாகத்திலேயே பெதஸ்தா குளத்தின் இடிபாடுகள் உண்டு. 38 வருடம் நோயாய்க் கிடந்தவன் எழுந்து நடந்ததைச் சொல்லும் யோவான் 5-ஆம் அதிகாரத்தை வெளியே குளத்தருகே வாசித்துவிட்டு, அப்புறம் உள்ளே போங்கள். வாசித்த கையோடு பாடும்போது பாட்டு ஜெபமாகவே ஆகிவிடுகிறது.

இயேசு சிலுவை சுமந்து நடந்ததாகச் சொல்லப்படும் தெருவான சிலுவைப் பாதையும் இந்தப் பக்கத்தில்தான் தொடங்குகிறது. கல் தளம் தேய்ந்து வழுக்கும். பிடிப்புள்ள செருப்பு போட்டுக்கொள்ளுங்கள்.