ஆம்பூர் ஷூவிலிருந்து தொடங்குங்கள்: ஐரோப்பிய அரசியல் பொருளாதாரம் முதுகலை படிக்கப் போகிறவர்களுக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் பக்கம் பி.ஏ. பொருளாதாரமோ பி.காமோ அரசியல் அறிவியலோ முடித்துவிட்டு இந்தப் படிப்புக்கு விண்ணப்பிக்க நினைக்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி, "ஐரோப்பாவோட அரசியல் பொருளாதாரத்துக்கும் நமக்கும் என்னக்கா சம்பந்தம்?" வீட்டிலும் அதையேதான் கேட்பார்கள். விண்ணப்பத்தைப் பரிசீலிக்கிற பேராசிரியரும் வேறு வார்த்தைகளில் அதையேதான் கேட்கிறார். அதனால் இதற்குப் பதில் வைத்துக்கொண்டு ஆரம்பியுங்கள், மற்றதெல்லாம் அப்புறம்.

என் பதில் ஆம்பூரில் இருக்கிறது. காலையில் கம்பெனி பஸ் ஏறிப் போகிற அக்காமார்கள் தைக்கிற ஷூவில் பெரும்பகுதி ஐரோப்பாவுக்குத்தான் போகிறது. அந்தத் தோலில் குரோமியம் ஆறு என்ற நச்சுப்பொருள் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் விற்க முடியாது. இதைப் பேரணாம்பட்டில் யாரும் முடிவு செய்யவில்லை. பிரஸ்ஸல்ஸில் ஒன்றியத்தின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வரைவு எழுதி, உறுப்பு நாடுகள் பேசி, அங்கே விதியானது. ஆனால் அதற்கேற்றபடி ரசாயனத்தை மாற்றுவதும், சோதனைக்கூடத்துக்குக் காசு கட்டுவதும், கட்ட முடியாத சின்ன டேனரி, அதாவது தோல் பதனிடும் ஆலை, தள்ளாடுவதும் இங்கே. நாம் ஓட்டே போடாத ஓர் இடத்தில் எழுதிய விதி நம் ஊர்க் கூலியைத் தொடுகிறது என்றால் அது எப்படி நடக்கிறது, யார் கேட்டு நடக்கிறது என்பதுதான் இந்தப் பாடம்.

இன்னொன்றும் உண்டு. பாலாற்றை டேனரிக் கழிவு கெடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு, உலகம் முழுக்கச் சுற்றுச்சூழல் சட்ட வகுப்புகளில் படிக்கிறார்கள். மாசுபடுத்தியவனே விலை கொடுக்க வேண்டும், ஆபத்து முழுசாக நிரூபணமாகும்வரை காத்திருக்காமல் முன்னெச்சரிக்கை எடுக்க வேண்டும் என்ற இரண்டு கொள்கைகளை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அதில் சொன்னார்கள். முதலாவது 1986-ல் கையெழுத்தான ஒற்றை ஐரோப்பியச் சட்டத்திலும், இரண்டாவது 1992 மாஸ்ட்ரிக்ட் ஒப்பந்தத்திலும் ஏறியவை; இரண்டுமே ஐரோப்பிய நாடுகள் தங்களுக்குள் செய்துகொண்ட ஒப்பந்தங்கள். விண்ணப்பத்தோடு வைக்கிற நோக்கக் கடிதத்தில் "சிறுவயது முதல் ஐரோப்பா மீது ஆர்வம்" என்று எழுதாதீர்கள், எல்லாரும் அதைத்தான் எழுதுகிறார்கள். பாலாற்றை எழுதுங்கள்.

சரி, எங்கே படிப்பது? லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸில் இதே பெயரில் ஓராண்டு படிப்பு இருக்கிறது, கட்டணம் மிக அதிகம். பெல்ஜியத்தின் புரூஜ் நகரில் 1949-ல் தொடங்கிய ஐரோப்பியக் கல்லூரியிலும் ஒரே கல்வியாண்டு. பெர்லினில் எச்.டபிள்யூ.ஆர். என்கிற அரசுக் கல்லூரி ஐரோப்பிய ஒருங்கிணைப்பின் அரசியல் பொருளாதாரத்தை ஆங்கிலத்திலேயே நடத்துகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ, இரண்டு ஆண்டுவரை. தர வரிசையைவிடப் பாடத்திட்டத்தைப் பாருங்கள் என்பேன். சில இடங்களில் பாதிக்கு மேல் கணிதமும் பொருளியலும், சில இடங்களில் பெரும்பாலும் சட்டமும் அரசியலும். பெயர் ஒன்றாக இருந்தாலும் படிப்பு ஒன்றல்ல.

காகித வேலையில் நான் ஒரு முழு ஆண்டை இழந்தேன், காரணம் மதிப்பெண் சான்றிதழ் தொகுப்பு (டிரான்ஸ்கிரிப்ட்) தாமதமாக வந்ததுதான். ஆகவே கடைசி செமஸ்டர் முடிவு வந்த வாரமே அதற்கு விண்ணப்பம் போடுங்கள், இரண்டு மூன்று பிரதி சேர்த்தே கேளுங்கள். ஜெர்மனி என்றால் 2022 நவம்பர் முதல் ஏபிஎஸ் சான்றிதழ், அதாவது நம் படிப்புச் சான்றிதழ்களைச் சரிபார்த்துத் தருவது, கட்டாயம். அங்கே 1 தான் சிறந்த மதிப்பெண், உங்கள் சதவீதத்தை அவர்கள் மாற்றிக்கொள்வார்கள். அதிகபட்ச மதிப்பெண்ணிலிருந்து நீங்கள் எடுத்ததைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் தேர்ச்சி மதிப்பெண்ணுக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். 100-க்கு 70, தேர்ச்சி 40 என்றால் 2.5 வரும். அதை முதலிலேயே போட்டுப் பார்த்துவிட்டால் எட்டாத இடத்துக்குக் கட்டணம் கட்டி ஏமாற மாட்டீர்கள். விசாவுக்கு முடக்கக் கணக்கில் (மாதாமாதம் குறிப்பிட்ட தொகை மட்டும் எடுக்க முடிகிற வங்கிக் கணக்கு) ஓராண்டுச் செலவு, 2024 செப்டம்பர் நிலவரப்படி 11,904 யூரோ, காட்ட வேண்டும். ஜெர்மன் அரசுப் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலும் கல்விக் கட்டணம் இல்லை, ஆனால் பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலத்தில் நம்மைப் போன்றவர்களுக்கு செமஸ்டருக்கு 1,500 யூரோ. கல்விக் கடன் 7.5 லட்சத்தைத் தாண்டினால் பொதுவாக வீட்டுப் பத்திரம் கேட்பார்கள், அப்பா அம்மாவிடம் அதை முன்கூட்டியே உட்கார்ந்து பேசிவிடுங்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வித் திட்டத்தை அவசியம் பாருங்கள்.

விசாவுக்குக் காத்திருக்கும் மாதங்களில்தான் உண்மையான படிப்பு தொடங்க வேண்டும். முதல் வாரத்திலேயே பலர் தடுமாறுவது மூன்று கவுன்சில்களில். ஐரோப்பிய கவுன்சில் என்பது நாட்டுத் தலைவர்கள் கூடுவது. ஐரோப்பிய ஒன்றியக் கவுன்சில் என்பது துறை அமைச்சர்கள் கூடிச் சட்டம் இயற்றுவது. ஸ்ட்ராஸ்பர்கில் இருக்கும் ஐரோப்பா கவுன்சில் ஒன்றியத்தைச் சேர்ந்ததே இல்லை. இந்த வித்தியாசம் மனதில் பதிந்துவிட்டால் பாதி பயம் போய்விடும்.

அப்புறம் யூரோ. இதைப் புரிந்துகொள்ள நமக்கு ஒரு வசதி இருக்கிறது, 1991 நமக்குத் தெரியும். அந்நியச் செலாவணி தீர்ந்து இந்தியா தங்கத்தை அடகு வைத்தபோது, ஜூலையில் இரண்டு தவணையாக ரூபாயின் மதிப்பைக் குறைத்தார்கள், ஏற்றுமதி மலிவானது. 2010-ல் கிரேக்கம் கடனில் மூழ்கியபோது அந்த நாட்டால் அப்படிச் செய்ய முடியவில்லை, ஏனென்றால் 2001-லேயே தன் பழைய நாணயமான திராக்மாவை விட்டு யூரோவுக்குப் போய்விட்டது. நாணயத்தைக் குறைக்க முடியாதபோது கூலியும் ஓய்வூதியமும் குறைந்தன. முதல் மீட்புக் கடன் 110 பில்லியன் யூரோ, கூடவே நிபந்தனைகள்.

இதற்குப் பின்னால் இருக்கிற கோட்பாடு பொருளியலாளர் ராபர்ட் மண்டெல் 1961-ல் சொன்னது: ஒரே நாணயம் நன்றாக ஓட வேண்டுமானால் தொழிலாளிகள் இடம்விட்டு இடம் போக முடிய வேண்டும். மத்தியிலிருந்து நலிந்த பகுதிக்குப் பணம் பாயவும் வேண்டும் என்பதைப் பின்னால் வந்தவர்கள் சேர்த்தார்கள். நமக்கு இது அன்றாடம். பீகாரிலிருந்து ரயிலேறி காட்பாடியில் இறங்குகிறவரைப் பார்க்கிறோம், நிதி ஆணையம் தமிழ்நாட்டுக்குத் தருகிற பங்கு போதவில்லை என்ற சண்டையையும் பார்க்கிறோம். மாநிலங்களுக்குப் பிரிக்கிற மத்திய வரியில் பதினைந்தாவது ஆணையம் நமக்கு ஒதுக்கிய பங்கு 4.079 சதவீதம். "எங்க வரிப்பணம் ஏன் அங்க போகுது" என்று இங்கே கேட்பதையே ஜெர்மன்காரர் கிரேக்கத்தைப் பார்த்துக் கேட்டார். வித்தியாசம் என்னவென்றால், ஒன்றியத்தின் பட்ஜெட் அதன் மொத்த வருமானத்தில் ஏறக்குறைய 1 சதவீதம்தான், அள்ளிக் கொடுக்க அங்கே தில்லி இல்லை. செமினாரில் இந்த ஒப்பீட்டை வையுங்கள், எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

கணினியில் புள்ளிவிவரக் கணக்குக்கான ஆர் மொழியை இலவசமாக இறக்கி ரிக்ரஷன் (ஒன்று மாறினால் இன்னொன்று எவ்வளவு மாறுகிறது என்று அளக்கும் முறை) வரை பழகுங்கள், ஒன்றியத்தின் புள்ளிவிவர அலுவலகமான யூரோஸ்டாட்டின் தரவும் இலவசம்.

போய் இறங்கியதும் சில சின்ன விஷயங்கள். ஜெர்மனியில் வீடு புகுந்த இரண்டு வாரத்துக்குள் முகவரியைப் பதிய வேண்டும். வகுப்பு நேரத்துக்குப் பக்கத்தில் சி.டி. என்று போட்டிருந்தால் கால் மணி தள்ளித்தான் தொடங்கும். மனப்பாடத் தேர்வு குறைவு, பதினைந்து பக்கக் கட்டுரைகள் அதிகம். அங்கே அறுபது பக்கம் வாசித்துவிட்டு "ஆசிரியர் சொன்னது இது, இதில் எனக்கு ஒப்பாதது இது" என்று சொல்ல வேண்டும். ஆசிரியர் சொன்னதை மறுப்பது மரியாதைக் குறைவு என்று வளர்ந்தவர்களுக்கு முதல் மாதம் நாக்கு எழாது. எனக்கும் எழவில்லை. வாரம் ஒரு கேள்வியை எழுதி எடுத்துப் போய் வாசித்துக் கேட்டேன், மூன்றாவது வாரம் தாள் தேவைப்படவில்லை.

முதல் கட்டுரைக்குத் தலைப்பு கிடைக்கவில்லை என்றால் யூரோஸ்டாட்டில் 64-ஆம் சரக்குக் குறியீட்டைத் திறந்து இந்தியாவிலிருந்து போன காலணிகளின் கணக்கை எடுங்கள், 2015-க்கு முன்னும் பின்னும் வைத்துப் பாருங்கள், பிறகு ஆம்பூரில் தெரிந்த யாருக்காவது போன் போட்டு அந்த வருடம் கம்பெனியில் என்ன மாறியது என்று கேளுங்கள்.